மேசைக்கு அடியில் கிடக்கும் லாக் சர்வர்: கல்லூரி சிஸ்டம் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளின் கணினி மையங்களில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,



பொறியியல் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று எங்கே இருந்தாலும் நம் பிழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். லேப்பில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்றாலும் நாம்தான், ஹாஸ்டலில் நெட் வரவில்லை என்றாலும் நாம்தான், சில இடங்களில் ஆடிட்டோரியத்தில் மைக் கத்தினாலும் நாம்தான். இந்த ஓட்டத்துக்கு நடுவே லாக் சர்வரைப் பற்றி இவ்வளவு நீளக் கடிதமா என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

இணைய வடிகட்டி வாங்குவதென்றால் கரஸ்பாண்டெண்ட் அறையில் கூட்டம் நடக்கும். மூன்று கொட்டேஷன் வரும். வாங்கிய பெட்டி ரேக்கில் ஏறும். நாக் குழு வரும் நாளில் அதைத் துடைத்து வைப்போம். அந்தப் பெட்டி இரவு பகலாக எழுதித் தள்ளும் லாக் எங்கே போகிறது? லேப்பிலிருந்து கழித்துக் கட்டிய ஒரு டெஸ்க்டாப்புக்கு. யுபிஎஸ் இணைப்பு கிடையாது, மானிட்டர் கிடையாது, அதன் ரூட் பாஸ்வேர்டு போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்குத்தான் தெரியும். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது அந்த டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்த பட்டியலை வைத்து மாணவர்களை விசாரிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. "தம்பி, இந்த மாசம் கண்ட சைட்டுக்கும் போனவங்க லிஸ்ட் எடுத்துக் குடுங்க" என்கிறார் பிரின்சிபால். "சரிங்க சார்" என்று எக்செல்லில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாள் வார்டன் கைக்குப் போகிறது, ஊரிலிருந்து வரவழைத்த அப்பா அம்மா முன்னால் வைக்கப்படுகிறது. அதில் உள்ள நேரம் சரிதானா, ஆள் சரிதானா, அந்த வரிக்கு உண்மையில் என்ன பொருள் என்று கேட்கத் தெரிந்தவர் நாம் ஒருவர்தான். நம்மை அந்த அறைக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் தாளைக் கொடுப்பதற்கு முன்பே நாம் கேட்டாக வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டுவது அங்கேதான். ஸ்குவிட் பிராக்ஸி வைத்திருப்பவர்கள் அதன் அக்சஸ் லாக்கைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் பத்து இலக்க எண்ணில் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து மில்லிசெகண்டு இருக்கும். 1970 ஜனவரி 1 நள்ளிரவு, யுடிசி நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும் விநாடிகள் அவை. ஒரு வரி 1700000000 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். யுடிசி கணக்கில் அது 2023 நவம்பர் 14, இரவு 10:13:20. நம் கடிகாரத்தில் நவம்பர் 15, அதிகாலை 3:43:20. சர்வரை நிறுவியவர் டைம்ஸோனை யுடிசியிலேயே விட்டிருந்தால், அந்த எண்ணைத் தேதியாக மாற்றும் ஸ்கிரிப்ட் முதல் விடையைத்தான் தரும். அது தப்பான விடையும் அல்ல. ஆனால் அதை வாசிப்பவர் நம்மூர் நேரம் என்றே எடுத்துக்கொள்வார்.

ஒரு கல்லூரியில் இதே ஐந்தரை மணி நேரம் ஒரு பையனைப் படாத பாடு படுத்தியது. தாளில் இரவு பத்தேகால் என்று இருந்தது. அந்த நேரத்தில் அந்த ஐபி முகவரி அவன் லேப்டாப்பில்தான் இருந்தது. டிஎச்சிபி லாக்கும் அப்படித்தான் சொன்னது, ஏனென்றால் அது இந்திய நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. உண்மையில் அந்த வரி அதிகாலையில் விழுந்தது. அதற்குள் அவன் லேப்டாப்பை மூடிவிட்டான், லீஸ் முடிந்து அதே முகவரி வேறொரு போனுக்குப் போயிருந்தது. இரண்டு லாக்கும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

ஸ்குவிட்டாவது எண்ணாக எழுதுகிறது. கணக்குப் போட்டால் சரியான நேரம் வந்துவிடும். சிஸ்லாக் வழியாக வரும் வரிகளில் அந்த வாய்ப்பும் இல்லாமல் போகலாம். சிஸ்லாக் 1980-களில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயிலுக்காக எழுதிய ஏற்பாடு. பல வருஷம் எழுத்தில் வராத வழக்கமாகவே புழங்கி, 2001-இல்தான் ஆர்எஃப்சி 3164 என்று ஆவணமானது. அந்த வடிவத்தின் நேர முத்திரையில் மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி உண்டு. வருஷம் இல்லை, டைம்ஸோனும் இல்லை. எந்த நாட்டு மூன்றே முக்கால் என்று அந்த வரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 இதைச் சரிசெய்தது: வருஷத்தோடு தேதி, நேரம், கடைசியில் +05:30. உங்கள் ஃபயர்வால் இரண்டு வடிவத்தையும் தரும் என்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். பழையதை மட்டுமே தரும் பெட்டி என்றால், லாக் சர்வர் தன் கடிகாரப்படி அந்த வரி வந்து சேர்ந்த நேரத்தையும் கூடவே எழுதும்படி ஆர்சிஸ்லாக்கில் ஒரு டெம்ப்ளேட் போடுங்கள். இரண்டு நேரமும் ஐந்தரை மணி விலகி நின்றால் கண்ணில் பட்டுவிடும்.

கடிகாரம் முன்பின்னாக ஓடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் பிறப்பித்த உத்தரவு, என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடு நேரத்தைப் பொருத்தச் சொல்கிறது. சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும், லாக்கை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் வருகின்றன. உங்கள் டிரஸ்டும் கல்லூரியும் அதன் வரையறைக்குள் வருமா என்பதை நிர்வாகத்தின் வக்கீல் சொல்லட்டும். 180 நாளுக்கு இடம் ஒதுக்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நேரம் சரியாகிவிட்டால் அடுத்து ஆள் யார் என்ற கேள்வி. ஐபி முகவரி ஆளுடைய பெயர் அல்ல என்பது நமக்குத் தெரியும்; தாளை வாசிப்பவருக்குத் தெரியாது. வடிகட்டி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹாஸ்டலின் ஒரு மாடியில் வைத்த வைஃபை ரூட்டர் தானே நாட் செய்துகொண்டிருந்தால், அந்த மாடியில் இருக்கும் எல்லோரும் வடிகட்டிக்கு ஒரே முகவரிதான். மாதக் கடைசியில் "அதிகம் பயன்படுத்தியவர்" என்று முதலிடத்தில் வருவது அந்த ரூட்டர். அக்சஸ் பாயின்ட்டைப் பிரிட்ஜ் மோடில் போட்டு, டிஎச்சிபியை ஒரே இடத்தில் வைத்து, அதன் லாக்கையும் அதே லாக் சர்வருக்கு அனுப்பினால்தான் எந்த நேரத்தில் எந்த முகவரி எந்தக் கருவியிடம் இருந்தது என்று சொல்ல முடியும். அதுவும் கருவிதான், ஆள் இல்லை. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. சேர்க்கையின்போது ரிஜிஸ்டரில் எழுதிவாங்கிய மேக் முகவரிப் பட்டியலை நம்பியிருப்பவர்கள் அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம். கேப்டிவ் போர்ட்டலோ ரேடியஸோ வைத்து லாகின் வாங்கினால் மட்டுமே பெயர் கிடைக்கும். ஒரே லாகினை அறையில் நாலு பேர் பகிர்வது உங்களுக்குப் புதிதல்ல என்பதால் அந்தப் பெயரையும் கொஞ்சம் தள்ளி நின்றே நம்ப வேண்டும்.

இனி அந்த வரியின் பொருள். நேரமும் ஆளும் சரியாக இருந்தும் வரியைத் தப்பாக வாசிப்பதால் நடக்கும் அநியாயம்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

ஸ்குவிட் லாக்கின் நான்காவது பத்தியில் "டிசிபி டினைட்" என்று வருவதை எண்ணிக் கூட்டி, யார் அதிகம் விதிமீறினார்கள் என்று அறிக்கை தரும் ஸ்கிரிப்ட்கள் பல கல்லூரிகளில் ஓடுகின்றன. பிராக்ஸியில் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பிரவுசர் முதல் முறை வெறுங்கையோடுதான் வரும். ஸ்குவிட் "நீ யார்" என்று கேட்டு 407 அனுப்பும். லாக்கில் அது டினைட் 407 என்று விழும். பிறகு பிரவுசர் பாஸ்வேர்டோடு வரும், வேலை நடக்கும். அதாவது நூலகத்தில் உட்கார்ந்து என்பிடெல் பாடம் பார்த்த பெண்ணின் பெயரிலும் டினைட் வரிகள் குவிந்து கிடக்கும். கொள்கைப்படி தடுத்தது 403. இந்த இரண்டு எண்ணையும் பிரிக்காமல் கூட்டினால், கல்லூரியிலேயே அதிகம் படிப்பவர்தான் அதிகம் விதிமீறியவர் என்று அறிக்கை சொல்லும். ஸ்குவிட்கார்டு வைத்திருந்தால் குழப்பம் எதிர்ப்பக்கம் திரும்பும். அது தடுப்பதில்லை, தடைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் ஸ்குவிட்டின் லாக்கில் டினைட் என்றே வராது. தடுத்த கணக்கு ஸ்குவிட்கார்டின் தனி லாக்கில்தான் இருக்கும், அதுவும் அந்தந்தப் பிரிவுக்கு லாக் எழுதச் சொல்லி கான்ஃபிகில் வரி போட்டிருந்தால்தான்.

403-ஐ மட்டும் எண்ணினாலும் போதாது. போனில் ஏதோ ஒரு விளையாட்டு ஆப் தன் விளம்பர சர்வரைத் தேடும்; தடை விழும்; சில விநாடி கழித்து மறுபடி தேடும். போன் சார்ஜரில், பையன் தூக்கத்தில், லாக்கில் விடியும்வரை வரிகள். எச்டிடிபிஎஸ் இணைப்பில் பிராக்ஸிக்குத் தெரிவது சர்வரின் பெயரும் 443 என்ற போர்ட்டும் மட்டும்தான். எந்தப் பக்கம், என்ன படித்தான், கட்டைவிரல் பட்டுத் திறந்ததா, செய்தித்தளத்தின் ஓரத்தில் இருந்த விளம்பரச் சட்டம் தானாக இழுத்ததா என்று எதுவும் அந்த வரியில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் வரி ஒரே சீரான இடைவெளியில் விழுந்தால் அது மெஷின். மனிதன் சொடுக்குவதில் சீர் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஏஐயும் வேண்டாம், வரிகளை நேர வரிசையில் போட்டு இடைவெளியைப் பார்த்தாலே போதும்.

நான் லாக்கே வேண்டாம் என்ற கட்சி அல்ல. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைச் சொல்ல லாக்கை விட்டால் வேறு வழியில்லை. மாணவரைக் கண்காணிக்க எடுக்கும் சிரத்தையில் பாதியை வடிகட்டியைக் கண்காணிக்க எடுத்தால் போதும் என்கிறேன்.

ஒரு உதாரணம். ஸ்குவிட்கார்டின் தடைப்பட்டியலைப் புதுப்பிக்கிறோம். ரூட் யூசராக இருந்து டேட்டாபேஸைக் கட்டுகிறோம். கட்டிய ஃபைல்களின் ஓனரை ஸ்குவிட் யூசருக்கு மாற்ற மறந்துவிடுகிறோம். அடுத்த முறை ஸ்குவிட்கார்டு எழும்போது அந்த ஃபைலைத் திறக்க முடியாது. உடனே அது "எமர்ஜென்சி மோடுக்குப் போகிறேன்" என்று தன் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, வருகிற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடும். நெட் நிற்காது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஹாஸ்டலில் அன்று திருவிழா. தடை அறிக்கை காலியாக வரும். "இந்த வாரம் பசங்க ஒழுங்கா இருந்திருக்காங்க" என்று மேலிடத்தில் சந்தோஷப்படுவார்கள். அந்த ஒற்றை எமர்ஜென்சி வரியை லாக் சர்வர் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பும்படி வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

அந்த வரியே வந்து சேராமல் போனால்? அதற்கும் ஒரு வழி உண்டு. லேப்பில் எப்போதும் ஓடும் ஒரு மெஷினில், மணிக்கு ஒரு முறை, தடைப்பட்டியலில் நீங்களாகச் சேர்த்த ஒரு சோதனை முகவரியைத் திறந்து பார்க்கும்படி கிரான் போடுங்கள். லாக் சர்வரில் மணிக்கு ஒரு தடை வரி அந்த மெஷின் பெயரில் விழ வேண்டும். விழவில்லையென்றால் வடிகட்டி தூங்குகிறது, அல்லது லாக் பாதை அறுந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. வந்த வரிக்கு அலாரம் வைக்க எல்லா மென்பொருளும் சொல்லித்தரும். வராத வரிக்கு அலாரம் நாம்தான் வைக்க வேண்டும்.

பாதை அறுந்ததென்றால் எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்து பாதிப் பேர் நேராக ஆர்சிஸ்லாக் கான்ஃபிகைத் திறந்து மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் பாக்கெட் வருகிறதா என்று பாருங்கள். லாக் சர்வரில் டிசிபிடம்ப்பை 514-ஆம் போர்ட்டில் வைத்தால் ஃபயர்வாலிலிருந்து வரும் யுடிபி பாக்கெட் தெரியும். தெரியவில்லையென்றால் சிக்கல் சர்வருக்கு வெளியே. விஎல்ஏஎன், ரூட், எதிர்ப்பக்கத்தில் தப்பாக அடித்த முகவரி. தெரிகிறது, ஆனால் ஃபைலில் எதுவும் எழுதவில்லை என்றால்தான் பலரும் குழம்புகிறார்கள். டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது சர்வரின் சொந்த ஃபயர்வாலுக்கு முன்னால். அதில் தெரிவதாலேயே ஆர்சிஸ்லாக் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. ஃபயர்வால்டியில் 514 யுடிபியைத் திறந்தீர்களா, அல்லது பழக்கதோஷத்தில் டிசிபியை மட்டும் திறந்தீர்களா என்று பாருங்கள். இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட சர்வர் என்றால் இன்னொரு வினோதம் உண்டு: பாக்கெட் ஒரு கார்டில் வந்து, திரும்பும் பாதை மற்றொரு கார்டில் இருந்தால், ரிவர்ஸ் பாத் ஃபில்டர் அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறியும். லாக்கில் ஒரு வரிகூட வராது. ரெட்ஹேட் குடும்பத்து சர்வரில் 514-ஐ விட்டு உங்கள் இஷ்டத்துக்கு ஒரு போர்ட்டை வைத்திருந்தால் எஸ்இலினக்ஸையும் சந்தேகிக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் சர்வருக்குள்ளேயே லாகர் கட்டளையால் ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். அது ஃபைலில் விழுந்து, வெளியிலிருந்து வருவது மட்டும் விழவில்லை என்றால், வேறொரு ஃபைலில் விழுந்துகொண்டிருக்கும். செய்தியின் முன்னால் கோண அடைப்புக்குள் ஒரு எண் வரும், உதாரணமாக 134. எட்டால் வகுத்தால் ஈவு 16, மீதி 6. அதாவது ஃபெசிலிட்டி லோக்கல்0, தீவிரம் இன்ஃபோ. நீங்கள் லோக்கல்4-க்கு விதி எழுதிவைத்து, ஃபயர்வால் லோக்கல்0-இல் அனுப்பினால் வரி பொது மெசேஜஸ் ஃபைலுக்குப் போய்விடும். ஹோஸ்ட்நேம் பெயரில் தனித்தனி ஃபோல்டர் உருவாக்கச் சொல்லியிருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள். சில பெட்டிகள் ஹோஸ்ட்நேமையே அனுப்பாமல் விட்டுவிடுவதால் செய்தியின் முதல் சொல்லே ஃபோல்டர் பெயராகிக் கிடக்கும். அனுப்பியவரின் ஐபியை வைத்துப் பிரிப்பது நல்லது. ஹோஸ்ட்நேம் என்பது அனுப்புகிறவர் தாமே சொல்லிக்கொள்ளும் பெயர்தானே. கான்ஃபிகை மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆர்சிஸ்லாக்டி மைனஸ் என்1 ஓட்டிப் பாருங்கள், எழுத்துப்பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

வரி வருகிறது, ஆனால் நடுநடுவே இல்லை என்றால் அது யுடிபியின் குணம். வழியில் தொலைந்ததை அது திரும்ப அனுப்பாது. நெட்ஸ்டாட்டில் யுடிபி புள்ளிவிவரத்தைப் பார்த்தால் ரிசீவ் பஃபர் எரர் என்ற எண் ஏறிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு லேப் திறக்கும்போது அது தாவும். பஃபரைப் பெரிதாக்கலாம். அதைவிட டிசிபிக்கு மாறலாம். இன்னும் நல்லது டிஎல்எஸ்ஸோடு 6514-ஆம் போர்ட்.

டிசிபிக்கு மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். லாக் சர்வர் செத்தால் நெட்டும் சாகக்கூடும். சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் டிசிபி வழியாக சிஸ்லாக் அனுப்பும்படி வைத்து, அந்த சர்வர் கிடைக்காமல் போனால், அது புதிய இணைப்பு எதையும் அனுமதிக்காது. பதிவு செய்ய முடியாத போக்குவரத்து வேண்டாம் என்பது அதன் நியாயம், வங்கிக்குச் சரி. அதை மாற்ற "பெர்மிட் ஹோஸ்ட்டவுன்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்குவிட்டும் இதற்குச் சளைத்ததல்ல. லாக் எழுத முடியாத நிலை வந்தால் செத்துவிடு என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. வரியை விட்டுவிட்டு ஓடு என்று நாம்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். டிஸ்க் நிறைந்து, செமஸ்டர் தேர்வுக்கு ஆன்லைன் பதிவு நடக்கும் நாளில் கல்லூரி முழுக்க நெட் நின்று, நாம் ஐஎஸ்பிக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருப்பது இப்படித்தான் நடக்கிறது. ஆர்சிஸ்லாக் வழியாக அனுப்புகிறவர்கள் டிஸ்க்கில் வழியும் க்யூ ஒன்று வைத்து, மறுமுயற்சியை மைனஸ் ஒன்று என்று போடுங்கள். சர்வர் திரும்ப எழும்வரை வரிகள் காத்திருக்கும்.

டிஸ்க் கணக்கு எளிது. ஆயிரம் மாணவர், ஒருவருக்கு நாளைக்கு ஐயாயிரம் வரி, வரிக்கு 200 பைட் என்று வைத்தால் நாளைக்கு ஒரு ஜிபி, 180 நாளைக்கு 180 ஜிபி. இது உரை என்பதால் ஜிசிப் போட்டால் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சுருங்கும். ஆக இடம் இல்லாமல் நிறைவதில்லை, சுழற்றாமல் விடுவதால் நிறைகிறது. டிஎஃப் நிறைந்துவிட்டது என்கிறது, டியூ போட்டால் ஃபைல்கள் பாதிகூட இல்லை என்கிறது என்றால், அழித்த ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக்கொடுக்கும். லாக்ரொட்டேட்டையும் ஸ்குவிட்டின் சொந்தச் சுழற்சியையும் சேர்த்து ஓடவிடாதீர்கள். லாக்ரொட்டேட் என்றால் ஸ்குவிட் பக்கம் லாக்ஃபைல் ரொட்டேட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, சுழற்றியதும் ஸ்குவிட்டுக்குச் சொல்லும் கட்டளையைப் போஸ்ட்ரொட்டேட்டில் வையுங்கள். டிஎஃப் மைனஸ் ஐயும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நாளுக்கொன்று, கருவிக்கொன்று என்று குட்டி ஃபைலாக வெட்டி வைப்பவர்களுக்கு இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். அந்த மேசைக்கடி டெஸ்க்டாப்பில் ஆயிரம் பேருடைய ஆறு மாத இணைய வாழ்க்கை கிடக்கிறது. எந்த மருத்துவமனையைத் தேடினார்கள், எந்த வேலைத் தளத்துக்குப் போனார்கள், எந்தக் கட்சியின் பக்கம், எந்தக் கோயில், எந்தத் திருமணத் தளம். பெண்கள் விடுதியின் லாக்கை ஆண்கள் நாலு பேர் திறந்து பார்க்க முடிகிற கல்லூரிகள் இருக்கின்றன. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் தெரியும். எலாஸ்டிக்சர்ச்சில் கொட்டி கிபானாவில் அழகாகப் படம் போடுகிறவர்கள், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பாருங்கள். 2022-இல் வந்த 8.0-இலிருந்துதான் பாஸ்வேர்டு பாதுகாப்பு நிறுவும்போதே இயங்குகிறது. அதற்கு முந்தையதை யாரோ எப்போதோ நிறுவி, நெட்வொர்க்குக்குத் திறந்துவைத்து அப்படியே விட்டிருந்தால், கேம்பஸ் நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் 9200-ஆம் போர்ட்டைத் தட்டிப் படிக்கலாம். நம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள்.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மாலை ஆறிலிருந்து பத்து வரை மொபைல் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததால் கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஃபஹீமா ஷிரின் என்ற மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. லாக்கைப் பற்றிய வழக்கு அல்ல அது. ஆனால் நாளைக்கு ஒரு மாணவி நம் எக்செல் தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனால், அவர் முதலில் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க விரும்பும் ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் 407-க்கும் 403-க்கும் வித்தியாசம் தெரியாது என்று சொன்னால் நமக்கே பாதகம்.

ஆகவே குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடுவது ஸ்குவிட்டின் இயல்பான அமைப்பு. யாரோ ஆர்வத்தில் அதை அணைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள், தேடிய சொற்கள் நமக்கு வேண்டாம். சின்னக் கல்லூரியில் பைஹோல் வைத்திருப்பவர்களுக்கு 0-இலிருந்து 3 வரை அந்தரங்க நிலை உண்டு. எண் ஏற ஏற டொமைன், பிறகு கருவி என்று மறைத்துக்கொண்டே போகும். மாத அறிக்கைக்குப் பெயரே தேவையில்லை. எந்தப் பிரிவில் எத்தனை தடை, எந்தத் தளம் தப்பாகத் தடைபட்டது என்று மொத்தக் கணக்கு கொடுங்கள். அதுதான் கொள்கையைத் திருத்த உதவும். பெயரோடு வேண்டுமென்றால் எழுத்தில் கேட்கட்டும்: எந்தச் சம்பவம், எந்த நாள், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, கீழே பிரின்சிபால் கையெழுத்து. வாயால் கேட்டால் "சார், ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க, ஃபைலுக்கு வேணும்" என்று சொல்லுங்கள். பாதிக் கோரிக்கைகள் அந்த லெட்டரிலேயே நின்றுபோகும். மீதிக்குத் தரும் தாளின் தலையில் நேரம் இந்திய நேரம் என்றும், முகவரி கருவியைக் குறிக்கிறது, ஆளை அல்ல என்றும், ஒரு தளத்தின் பெயர் இருப்பதாலேயே அதை ஒருவர் திறந்தார் என்று ஆகாது என்றும் மூன்று வரி அச்சிட்டே கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை மதியம், ஹாஸ்டல் பாதி ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில், வார்டனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு லாக் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள். நெட் நின்றதா, உங்கள் போனுக்கு எச்சரிக்கை வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிளைத் திரும்பச் செருகியபின், அந்தக் கால் மணி நேரத்து வரிகள் க்யூவிலிருந்து வந்து சேர்ந்தனவா, அவற்றின் மேல் எந்த நேரம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்டதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ரேக்குக்குப் பின்னால் நிற்கும் ஒருவன்